நாற்பத்தோராம் வீட்டின் சொந்தக்காரி

எங்கள் வயல் ஸ்கீமில், அதாவது அரசாங்க வீட்டுத் திட்டத்தில், நாற்பதாம் வீடு என்னுடையது. பக்கத்து நாற்பத்தோராம் வீடு நிப்லாவுடையது. அந்த வீட்டில் நிப்லாவை யாரும் ஒரு நாளும் கண்டதில்லை. கடல் பொங்கி வந்த காலையில் அவளுக்குப் பதினொரு வயது, மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் போன மாசம் வரைக்கும் வீடு அவள் பேரில்தான் இருந்தது. உம்மா றாஹிலாவும், வாப்பா அபுல் ஹஸனும், கடலுக்குப் பிறகு பிறந்த தங்கச்சி அஸ்னாவும் அங்கே விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

நான் சுஹறா. உடுப்புத் தைத்துக் கொடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், என்னவும் சொல்லட்டும். றாஹிலா தன்னைப் பற்றித் தானாகக் கதைக்கிற ஆளில்லை. அவளைப் பற்றி யாராவது சொல்வதென்றால், சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருசம் இருந்த நான்தான் சொல்லவேண்டும்.

வீடு எப்படி அந்தப் பிள்ளையின் பேருக்குப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரருக்கு இது லேசில் விளங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் வீடென்றால் அது பெண்பிள்ளையின் சொத்து. பெண் பிறந்த கையோடு வாப்பா அத்திவாரக் கல்லைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு மகளின் பேருக்கு எழுதப்படும், உம்மாவும் வாப்பாவும் வளவின் ஓரத்தில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒரு வீடு ஆம்பிளையின் பேரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், “ஏன், அவருக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லையா?” என்றுதான் கேட்போம்.

கடல் பொங்கி வந்ததற்கு அடுத்த மாசம் நாங்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாக இருந்தோம். கொழும்பிலிருந்து வந்த ஒரு பொடியன் மேசை போட்டு உட்கார்ந்து, கட்டித் தரப்போகும் வீட்டை யார் பேரில் எழுதுவது என்று கேட்டான். அவன் எதிர்பார்த்தது குடும்பத் தலைவரின் பேர். எங்கள் வரிசையில் நின்ற பொம்பிளைகள் ஒருத்தி விடாமல் மகளின் பேரைச் சொன்னோம். நானும் என் மூத்தவளின் பேரைச் சொல்லிவிட்டு விலகினேன். எனக்குப் பின்னால் நின்ற றாஹிலா, “அபுல் ஹஸன் நிப்லா” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அப்போது இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளையை உயிரோடு ஒரு வான் வண்டியில் தூக்கிப் போட்டு அம்பாறைப் பக்கம் கொண்டுபோனதைக் கண்ணால் கண்டேன் என்று ஒருத்தன் அவளிடம் சொல்லியிருந்தான். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மறுகா அந்த ஆளையே காணவில்லை. நாசமறுப்பான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அபுல் ஹஸன் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பிள்ளைகள் காப்பகம் ஏறி இறங்கினார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் நிப்லா காணாமல் போனது தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது, உன் பிள்ளை இனி வராது என்றா?

வீடுகளைக் கட்டி முடிக்க வருசக்கணக்கானது. மாவடிப்பள்ளிப் பக்கம் வயலை நிரப்பிக் கட்டினார்கள், கடலின் சத்தம் எட்டாத இடத்தில். சாவி கொடுத்த அன்று றாஹிலா உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பிள்ளை வராம, நாம எப்பிடி முதல்ல காலெடுத்து வைக்கிற?” என்றாள்.

அபுல் ஹஸன் கரைவலைத் தோணியில் தண்டு வலிக்கிறவர், மலை மாதிரி ஆள். அவர் வாசல்படியில் குந்தி அழுதார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து அவளை உள்ளே விட்டேன்.

காற்று வரும் முன்னறை நிப்லாவுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் பின்னறையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். எனது தையல் மெஷின் இருப்பது அந்த முன்னறைச் சுவரோடு ஒட்டி. காலையில் நான் மெஷினை மிதிக்கத் தொடங்கும் நேரம், அந்தப் பக்கம் றாஹிலா அறையைக் கூட்டிக்கொண்டே கதைப்பது கேட்கும்.

“அஸ்னா ஸ்கூலுக்குப் போயிட்டா. வாப்பா இண்டைக்குக் கடலுக்குப் போகல்ல, காத்து சரியில்ல.”

பிறகு கொஞ்சம் சும்மா இருப்பாள். பிறகு, “ஓம், ஓம், அதத்தான் நானும் சொன்னன்” என்பாள். பதிலுக்கு இடம் விட்டுக் கதைப்பாள். அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். என் காதும் என்னைக் கேட்காமலே சுவர்ப் பக்கம் போகும். ஏதோ கேட்டது என்று நான் சொல்லவரவில்லை. கேட்டுவிடுமோ என்று பயந்தேன். ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு மெஷினை வேகமாக மிதிப்பேன்.

ஒவ்வொரு நோன்பிலும் பெருநாள் உடுப்புக்கு இரண்டு துணி கொண்டுவருவாள். ஒன்று அஸ்னாவுக்கு, மற்றது மூத்தவளுக்கு. அளவு எப்படி எடுப்பது என்று முதல் வருசம் கேட்டேன். “றுக்ஸானாட அளவில தை புள்ள” என்றாள். றுக்ஸானா நிப்லாவின் வகுப்புக்காரி. அந்தப் பிள்ளை வளர வளர நிப்லாவும் வளர்ந்தாள். சட்டை பாவாடையாகி, பாவாடை சல்வாராகி, சல்வார் அபாயாவாகியது. றுக்ஸானா கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்று உடம்பு வைத்த வருசம், “இடுப்பைக் கொஞ்சம் புடிச்சுத் தை. எங்கட பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகல்லயே” என்றாள். நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

“உனக்கென்ன பைத்தியமா றாஹிலா?”

“ஓம்” என்றாள். துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஏசி ஏசித் தைத்துக் கொடுத்தேன்.

எனக்கு உண்மையில் பாவமாக இருந்தது அஸ்னாவைப் பார்த்துத்தான். சின்ன வயசில் ஒரு நாள் என் படியில் வந்து குந்திக்கொண்டு, “மாமி, ராத்தா வந்தா நாங்க எங்க போற?” என்று அக்காவைப் பற்றிக் கேட்டாள். “வாற நேரம் பார்ப்பம், முதல்ல மூக்கைத் துடை” என்று அதட்டினேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது விளையாட்டுக்கில்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்க மாட்டாள். முற்றத்தில் ஒரு பூக்கன்று வைக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் ‘எனது ராத்தாவின் வீடு’ என்று எழுதுவாள். கண்ணால் காணாத ஒருத்திக்குப் பயந்து பயந்தே குமரானாள்.

நிப்லா மௌத்தாகிவிட்டாள் என்று மரணப் பதிவு செய்துவிடுங்கள் என்று பிரதேச செயலகத்தில் சொல்லாத நாளில்லை. ஒரு தடவை அபுல் ஹஸன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு புறப்பட்டார். றாஹிலா படலை வரை வந்தாள்.

“போய் எழுதிட்டு வாங்க. அப்பிடியே எனக்கும் ஒண்டு எழுதிட்டு வாங்க.”

அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அப்படியே போயிருக்கும். அஸ்னாவுக்குச் சம்பந்தம் வந்ததால்தான் எல்லாம் இறுகியது. மாப்பிள்ளை பஸால், சம்மாந்துறைப் பொடியன், போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். குணமான பிள்ளை, அஸ்னாவுக்கும் பிடித்திருந்தது. அவனுடைய உம்மா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, “வீடு மகள்ட பேரிலதானே?” என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அபுல் ஹஸன் கூரையைப் பார்த்தார். “அவசரமில்ல, பேரை மாத்திட்டுச் சொல்லுங்க” என்று அந்த மனுசி எழும்பிப் போனார். அவசரமில்லை என்றால் என்ன கருத்து என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

அந்த நேரம் பார்த்துத்தான் பாராளுமன்றக் குழு வந்தது. கிராமத்து வீடுகளுக்கும் மீன்பிடிக்கும் என்று அரசாங்கம் போட்ட திட்டங்களுக்கு என்ன நடந்தது என்று இடத்துக்கே வந்து விசாரிக்கிற குழு. இப்போது கடற்கரையில் அரிப்பு; கரையோர வீடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. அந்தச் சனத்துக்கு வீடு வேண்டும். ஆகவே ஸ்கீம்களில் சொந்தக்காரர் இல்லாத வீடுகளை எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். பேருக்குரியவர் குழுவின் முன்னால் வரவேண்டும். மௌத்தாகியிருந்தால் குடும்பத்தவர் அதைச் சொல்லி உரிமை கேட்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீடு போய்விடும். இதில் யாரை ஏசுவது? ஏசுவதற்கு ஒரு ஆள் இல்லாததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் என்னையும் கூப்பிட்டார்கள். நானும் அபுல் ஹஸனும் மாறி மாறிச் சொல்லிக் களைத்தோம். றாஹிலா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அஸ்னாதான் உம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உம்மா, எனக்கு வீடு வேணா. கலியாணமும் வேணா. ஆனா இந்த வீட்ட எடுத்திட்டா, நீங்க எங்க இருந்து ராத்தா வாற வழியப் பார்த்திட்டு இருப்பீங்க?”

றாஹிலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருசத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. “நான் சொல்றன்” என்றாள். “என்ன சொல்லணுமோ, நானே சொல்றன்.”

மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்னால் பெரிய மேசையில் குழுவினர். தலைவர் சிங்களத்தில் கதைப்பார், சுஜிந்தன் என்ற உத்தியோகத்தப் பொடியன் ஒலிவாங்கியில் தமிழில் சொல்வான். முதலில் எழும்பியவர் கல்முனைக் கடற்கரைக் கனகசிங்கம், அபுல் ஹஸனுக்குக் கடலில் பழக்கமான மீன்பிடிகாரர்.

“என்ட குசினி கடலுக்குள்ள கிடக்கு ஐயா. இப்ப விறாந்தையில சமைக்கிறம். நீங்க அடுத்த முறை வரக்குள்ள விறாந்தையும் இருக்காது. படம் புடிச்சது போதும், என்ன செய்யப்போறீங்க எண்டு சொல்லுங்க.”

கைதட்டினோம். குழுவில் இருந்த பெண் உறுப்பினர் ஒருவர் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். கரை உடைகிறது என்று தெரிந்தும் அந்தச் சனத்தின் தோணிக்கும் வீட்டுக்கும் ஏன் ஒரே திட்டமாக யோசிக்கவில்லை என்று கேட்டார். எங்கள் ஸ்கீமில் வீடுகள் ஏன் சின்னப் பிள்ளைகளின் பேரில் இருக்கின்றன என்றும் கேட்டார். இந்தப் பகுதி வழக்கம் அப்படி என்றார் ஒரு அதிகாரி. “வழக்கம் தெரிந்திருந்தால், பிறகு கட்டிய வீடுகளை ஏன் ஆண்களின் பேரில் எழுதினீர்கள்?” என்றார் அந்த அம்மா. எனக்கு அவரை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

பிறகு வீடுகளின் விசயம் வந்தது. பேர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் எழும்பி, வந்திருக்கிறோம் என்றார்கள். றாஹிலா எனக்கும் அஸ்னாவுக்கும் நடுவில் இருந்தாள். சொல்லவேண்டிய அந்த ஒரு சொல்லை உதட்டுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

“நாற்பத்தோராம் வீடு” என்றான் சுஜிந்தன். “அபுல் ஹஸன் நிப்லா. அபுல் ஹஸன் நிப்லா வந்திருக்கிறாரா?”

அந்தப் பேரை இப்படி உரத்து, இதோ எழும்பி நிற்கப்போகிறாள் என்பது போல் கூப்பிட்டு எத்தனை காலம்! றாஹிலா விசுக்கென்று திரும்பி வாசலைப் பார்த்தாள். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நானும் திரும்பினேன். அஸ்னா திரும்பினாள். அபுல் ஹஸன் திரும்பினார். எங்கள் ஸ்கீம்காரர் இருந்த வரிசை முழுக்க வாசல் பக்கம் திரும்பியது. கதவு திறந்து கிடந்தது. வெளியே கண் கூசும் வெயில். அந்த நேரம் பச்சைச் சட்டையோடு ஒருத்தி உள்ளே வந்திருந்தால், எங்களில் ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

ஒருவரும் வரவில்லை.

“அபுல் ஹஸன் நிப்லா?” என்றான் சுஜிந்தன் மறுபடியும்.

றாஹிலா முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். “வரல்ல” என்றாள்.

தலைவர் ஏதோ கேட்டார். “அவங்க இப்ப எங்க இருக்கிறாங்க அம்மா?” என்று சுஜிந்தன் சொன்னான்.

அஸ்னா உம்மாவின் அபாயா நுனியைப் பிடித்திருந்தாள். றாஹிலா இன்னொரு தடவை வாசலைப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, நல்ல தெளிவாக, “மௌத்தாகிட்டா” என்றாள்.

மௌத்துச் செய்தி காதில் விழுந்தால் எங்கள் வாய் தானாகச் சொல்லும். யாரும் கேட்டுக்கொண்டு சொல்வதில்லை. மண்டபத்தில் முன்னிருந்து பின்வரை ஒரே குரலாக எழுந்தது: “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.” ஆண்கள் சொன்னார்கள், பெண்கள் சொன்னார்கள், தேத்தண்ணித் தட்டோடு வந்தவர் நின்ற இடத்தில் நின்று சொன்னார். நிப்லா போய்விட்டாள் என்பது எங்களில் பாதிப்பேருக்கு ஆதியிலேயே தெரியும். ஆனால் அவளுக்காக, அல்லாஹ்விடமே திரும்புகிறோம் என்கிற அந்த வசனத்தை நாங்கள் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. சொல்ல எங்களுக்குச் செய்தி வந்து சேரவில்லையே. கனகசிங்கம் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

தலைவர் திகைத்துப்போனார். சுஜிந்தன் குனிந்து அவருடைய காதில் விளக்கினான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார், பதிவுக்காக.

“எப்ப அம்மா?” என்றான் சுஜிந்தன்.

அந்தத் திகதி இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சுஜிந்தனுக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்க வேண்டியிருந்தது, கேட்டான்.

“இண்டைக்கு” என்றாள் றாஹிலா. “இப்பதான்.”

சுஜிந்தன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றான். தலைவர் அவனைப் பார்த்தார். அவன் எல்லாருக்கும் தெரிந்த அந்தத் திகதியைச் சிங்களத்தில் சொன்னான். அவனுக்கு அல்லாஹ் நன்மையைக் கொடுக்கட்டும். வீட்டைத் தங்கச்சியின் பேருக்கு மாற்ற வேண்டியதைச் செய்யுங்கள் என்று தலைவர் அதிகாரிகளிடம் சொன்னதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் அஸ்னா, “ராத்தா, ராத்தா” என்று அலறி அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பிடிக்கவே என் இரண்டு கையும் போதவில்லை.

வீட்டுக்கு வந்தோம். றாஹிலாவே சொல்லி, அபுல் ஹஸன் பள்ளிவாசலுக்குப் போனார். ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தியை ஜனாஸா அறிவித்தலாகச் சொன்னார்கள். இத்தனை வருசத்துக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை தொழலாமா கூடாதா என்று நாலு பேர் அங்கே தர்க்கம் பண்ணினார்களாம். தர்க்கம் பண்ண எங்கள் ஆம்பிளைகளுக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்? பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தொழுதுவிட்டார்கள்.

சனம் வரத் தொடங்கியது. மையித்து இல்லாத மையித்து வீடு. முன்னறையில் பாய் விரித்து யாசீன் ஓதினோம். பஸாலின் உம்மா சம்மாந்துறையிலிருந்து வந்து றாஹிலாவின் பக்கத்தில் இருந்தார். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. றுக்ஸானாவும் வந்து ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். றாஹிலா மட்டும் அழவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லி இடம் காட்டினாள்.

ஓதி முடிந்து ஆட்கள் கொஞ்சம் குறைந்த நேரம், என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அவளுடைய முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பற்றிக் கேட்கத் தேவையில்லாமல் இருந்த கேள்வி இப்போது வந்து அவளைப் பிடித்திருந்தது.

“சுஹறா, பிள்ளை தண்ணிக்குள்ள கன நேரம் கஷ்டப்பட்டிருப்பாளா?”

“இல்ல” என்றேன்.

“என்னைக் கூப்பிட்டிருப்பாளா?”

“இல்ல புள்ள. அதுக்கெல்லாம் நேரம் இருந்திருக்காது.”

எனக்கு என்ன தெரியும்? அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன். இன்றைக்கும் கேட்கிறாள், நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.